மோத்தி பாக்கில் இறங்க வேண்டியவன்

என் தங்கை செண்பகத்தின் மகளுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. காரணம் நான்தான். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். செண்பகத்துக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். நானோ சாத்தூரில் சேவுக்கடை அடுப்பை விட்டு நகராதவன். ஒரு வருஷம் தீபாவளி வேலை, ஒரு வருஷம் அம்மாவுக்கு உடம்பு, ஒரு வருஷம் வெறும் பயம். மதுரைக்கு வடக்கே நான் போனதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, இந்தி தெரியாது, போதாததற்குக் கூச்சம். தெரியாத ஊரில் ஒருவரை நிறுத்தி வழி கேட்பதை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க பிள்ளையோட வெறுங்காதைப் பாத்துட்டு என்னைக் கேக்காங்க. எங்க அத்தை தினமும் கேக்காங்க. வேற யார் மடியிலயும் வைக்க மாட்டேன்ணே, நீ வந்துதான் ஆகணும்" என்று செண்பகம் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு இரண்டு நாள் ரயிலில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காது. "நீயும் போகலைன்னா அவளுக்கு அந்த வீட்டுல என்னடா மரியாதை?" என்றாள். தை மாதத்தில் ஒரு டின் காராச்சேவும், ஒரு ஜோடி தங்கத் தோடும், கடை முதலாளி கொடுத்த கம்பளியுமாக ரயில் ஏறினேன்.

புது டெல்லி ஸ்டேஷனில் காலை வைத்ததும் முதலில் பார்த்தது என் மூச்சைத்தான். வாயிலிருந்து புகை வந்தது. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றே பழகியவனுக்கு இது புதுசு. செண்பகத்தின் வீட்டுக்காரர் சுப்பையா மாப்பிள்ளை தலையில் மப்ளர் சுற்றி நின்றுகொண்டிருந்தார். "மச்சான், ஜல்தி வாங்க, ஸ்கூட்டர் நிக்குது" என்றார். அங்கே ஆட்டோவுக்கு ஸ்கூட்டர் என்று பெயர்.

மாப்பிள்ளைக்கு மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. லோதி ரோடு பக்கம் குவார்ட்டர்ஸ். ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள் வரிசையாக நின்றன. காலையில் அந்த வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் ஸ்வெட்டர் போட்ட மனிதர்கள் டிபன் பாக்ஸோடு இறங்கி, பாதிப் பேர் சைக்கிளிலும் பாதிப் பேர் நடந்தும் ஆபீசுக்குப் போகிறார்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் கூட்டத்தைப் போலத்தான். ஆனால் இங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மருமகள் மீனு என்னைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கூச்சத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள் என்று செண்பகம் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மாமாஜி, உங்களுக்குத் தண்டா லகுதா?" என்றாள். குளிர்கிறதா என்று கேட்கிறாளாம். ஆமாம் என்று தலையாட்டினேன். தன் குல்லாயைக் கழற்றி என் தலையில் வைத்தாள். அது உச்சந்தலையைக்கூட மூடவில்லை.

தோட்டை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தேன். அவள் அதை நேரே மாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த அம்மாள் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷமா மாமன் வாரான், மாமன் வாரான்னு சொன்னே. நெசமாவே ஒரு மாமன் இருக்கத்தான் செய்யுதான்" என்றாள். செண்பகம் தோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் விடியற்காலை மாப்பிள்ளை என்னை லோதி தோட்டத்துக்கு அழைத்துப் போனார். புல்வெளி நடுவில் பழைய ராஜாக்களின் சமாதிகள் கறுத்துப்போய் நிற்கின்றன. சமாதியைச் சுற்றி ஜனங்கள் ஓடுகிறார்கள், கையைக் காலை நீட்டி மடக்குகிறார்கள், ஒரு கூட்டம் வட்டமாக நின்று காரணமே இல்லாமல் கைதட்டிச் சிரிக்கிறது. சுடுகாட்டுப் பக்கம் போனாலே காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வருகிறவன் நான். இங்கே சமாதி நிழலில் உட்கார்ந்து ஒரு குடும்பம் பராத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "இங்க எங்க தோண்டினாலும் யாராவது ராஜா இருப்பார் மச்சான். பாத்துக்கிட்டிருந்தா நாம எங்க உக்கார்றது?" என்றார் மாப்பிள்ளை.

வெளியே வந்து ஜிலேபி தின்றோம். காலையில், வெறும் வயிற்றில், சூடான பாலில் முக்கி. ஜிலேபி போடுகிறவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் அல்ல, நெய்யும் அல்ல, டால்டா. ஆனாலும் பாகு பதம் நன்றாக இருந்தது. அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "இவ்வளவு நேரமா சட்டியைப் பாக்கிறாரே, குறை ஏதாவது உண்டான்னு கேக்கிறார்" என்றார் மாப்பிள்ளை. நான் வெட்கப்பட்டு நகர்ந்துவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று பத்து மணி வெயிலில் கரோல் பாக் போனோம். தமிழ் ஆசாரி ஒருவர் அங்கே இருக்கிறார். காது குத்த அவரைச் சொல்லி வைக்க வேண்டும். கனாட் பிளேஸிலிருந்து கரோல் பாக்குக்கு ஒரு வண்டி போகிறது. அதை பட்பட்டி என்கிறார்கள். முன்பாதி பழைய பட்டாளத்து மோட்டார் சைக்கிள், பின்பாதி நம் ஊர் ஜட்கா வண்டி. தாடியும் தலைப்பாகையுமாக ஒரு சர்தார்ஜி அதை உதைத்துக் கிளப்பினால் தெருவே அதிர்கிறது. எதிரெதிரே எட்டுப் பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். என் எதிரில் ஓர் அம்மாள் மடியில் காலிஃபிளவர் மூட்டை. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு பூ உருண்டு என் மடிக்கு வரும், நான் எடுத்துக் கொடுப்பேன். கடைசியில் அந்த அம்மாள் அலுத்துப்போய் ஒன்றை என்னிடமே விட்டுவிட்டாள். அன்று ராத்திரி செண்பகம் அதைப் பொரியல் செய்தாள்.

ஆசாரி கெடுபிடியான மனுஷன். தை மாதத்தில் டெல்லித் தமிழர் வீடுகளில் அவர் ஒருவர்தான். "முகூர்த்தத்துக்கு வருவேன். குத்துவேன். அடுத்த இடத்துக்குப் போயிருவேன். மாமனைத் தேடுறேன், தேங்காயைக் காணோம்னு சொல்லக் கூடாது" என்றார்.

"மாமன் இந்தா உக்காந்திருக்கார்" என்று மாப்பிள்ளை என் முதுகைத் தட்டினார்.

அந்த மூன்று நாளும் எத்தனையோ பஸ் ஏறி இறங்கினோம். டெல்லி பஸ்ஸில் பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும். மாப்பிள்ளை எனக்கு முன்னால் ஏறுவார்; நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறுவேன்; கூட்டம் என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடும். இறங்கும்போது அவர் கையில் இரண்டு டிக்கெட் இருக்கும். எப்போது, யாரிடம் வாங்கினார் என்று நான் யோசித்ததே இல்லை. டிக்கெட் வாங்குவதில் யோசிக்க என்ன இருக்கிறது?

காதுகுத்து ராமகிருஷ்ணபுரம் மலைக்கோயிலில். காலையில் வேப்பமரத்தடி ஸ்டாண்டிலிருந்து ஒரு டாக்சி வந்தது. செண்பகம், மாமியார், மீனு, மாப்பிள்ளை, நான் என்பது கணக்கு. கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளை ஆபீஸ் பெரியவரின் சம்சாரம் தன் இரண்டு பெண்களோடு பட்டுப்புடவையில் வந்து நின்றாள். நானும் வருகிறேன் என்று சொன்னவரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சீர்த்தட்டுகள் வேறு. மாப்பிள்ளை முன் சீட்டில் டிரைவரோடு ஒண்டிக்கொண்டார். பின்னால் பெண்கள் நெருக்கித் தள்ளி எனக்கு ஒரு சாண் இடம் காட்டினார்கள்.

தெரியாத பெண்பிள்ளைகள் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார எனக்கு உடம்பு கூசியது. "நீங்க போங்க. நான் பஸ்ஸில வாரேன்" என்றேன்.

"வேண்டாம்ணே. நீ ஏறு. அவர் பஸ்ஸில வரட்டும்" என்றாள் செண்பகம்.

"அவர் முன்னால போய் அர்ச்சனைக்கெல்லாம் சொல்லணும்லா? நேத்துப் பாத்த ஸ்டாப்தானே. நான் வந்துருவேன்."

மாப்பிள்ளை யோசித்தார். "ஒரே பஸ் மச்சான், நேரே ரிங் ரோட்டில போகும். மோத்தி பாக்கில இறங்கணும். நான் ஸ்டாப்பில வந்து நிக்கேன்" என்றார். டாக்சி நகரும்போது செண்பகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சீக்கிரம் வந்திரு, என்ன?" என்றாள். ஒரு சாண் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கலாம்.

பஸ் உடனே வந்தது. பின்வாசலில் ஏறினேன். வழக்கம்போலக் கூட்டம் முன்னால் தள்ளியது. ஜன்னலோரம் ஓர் இடமும் கிடைத்தது. சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்டக்டர் வருவார் என்று உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எவ்வளவு நெரிசலானாலும் கண்டக்டர் தோல்பையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "டிக்கெட், டிக்கெட்" என்று நம் தோளைத் தட்டிக் கேட்பார். அவரைத் தேடிப் போகிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள். டெல்லியில் கண்டக்டர் எழுந்திருப்பதே இல்லை. பின்வாசல் பக்கம் அவருக்கென்று ஒரு சீட். ஏறுகிறவர்கள்தான் அவரிடம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியாது. வரட்டும், பாவம், கூட்டம் என்று பொறுமையாக இருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் காக்கிக்கோட்டுப் போட்ட இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார். கண்டக்டர்தான் வந்துவிட்டார் என்று சில்லறையை அவர் கையில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காசைத் திருப்பி என் கையில் வைத்து ஏதோ சொன்னார். அந்தச் சத்தத்தை மனதில் வைத்திருந்து பிறகு மாப்பிள்ளையிடம் சொல்லிக் காட்டினேன். "பிடிபட்ட பிறகுதான் எல்லாரும் காசைக் காட்டுகிறார்கள்" என்று அதற்கு அர்த்தமாம். அவர் மேல் தப்பில்லை. தினமும் அதைத்தானே பார்க்கிறார்.

என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர் ரசீது எழுதினார். நான் "மோத்தி பாக், மோத்தி பாக்" என்றேன். அப்போதுதான் பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது. குளிருக்கு மூடிய ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மாப்பிள்ளை நின்றிருந்தார். நெற்றியில் கை வைத்து, எனக்குப் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளே" என்று கூப்பிட்டேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. பஸ் நிறையப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குச் சத்தம் வருவதில்லை.

தௌலா குவானில் இறக்கினார்கள். அபராதம் கட்டினேன். ஜிப்பாப் பையில் இருந்தது அநேகமாகக் காலி. பஸ்ஸுக்கு மட்டும் மிஞ்சியது. மிச்சம் வீட்டில் பெட்டியில் இருந்தது. அது பல ரோடுகள் கூடுகிற பெரிய வட்டம். வந்த திசை எது, போகிற திசை எது என்று புரியவில்லை. மோத்தி பாக் வந்த வழியில் ஒரு ஸ்டாப் பின்னால்தான். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடந்திருந்தால் போதும். ஒரு பெரியவரிடம் எப்படியோ வாயைத் திறந்து "மோத்தி பாக்?" என்று கேட்டேன். அவர் அப்போது வந்து நின்ற பஸ்ஸைக் காட்டி, ஏறு ஏறு என்று கையசைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த பஸ் மோத்தி பாக் போகும். ரிங் ரோட்டில் டெல்லியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்புறம் போகும்.

இந்தத் தடவை கண்டக்டர் முன்னால் போய் நின்று, முதல் ஆளாக டிக்கெட் வாங்கினேன். மோத்தி பாக் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, தோளைக் குலுக்கிக்கொண்டு கிழித்துக் கொடுத்தார். அடுத்த ஸ்டாப், அடுத்த ஸ்டாப் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பட்டாளத்துக் கட்டடங்கள் போயின. தலைப்பாகைக் கூட்டமாக ஒரு கடைவீதி போனது. பெரிய காய்கறிச் சந்தை வந்தது. லாரி லாரியாகக் கேரட்டும் முள்ளங்கியும் பனியில் நனைந்து கிடந்தன. வேறு நாளாக இருந்தால் இறங்கிப் பார்த்திருப்பேன்.

வெளியூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண்கள் சாந்துச் சட்டிகளோடு ஏறினார்கள். கட்டட வேலைக்காரர்கள். மூத்தவள் என் வேட்டியைப் பார்த்தாள், நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். "இன்னா அண்ணா, எந்த ஊரு?" என்றாள். அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேலத்துப் பக்கமாம், ஆற்றங்கரைக் குடிசைகளில் இருக்கிறார்களாம். மோத்தி பாக் எப்போது வரும் என்று கேட்டேன்.

அவள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "அய்யய்யே! நீ ஊரையே சுத்தினு கீறியே! அங்க ஏறி இங்க வந்துகினு. ரோட்ட தாண்டியிருந்தா அஞ்சு நிமிசம்."

"இப்ப இறங்கித் திரும்பிப் போகட்டுமா?"

"பாதி சுத்திட்ட. இனிமே எந்தப் பக்கம் போனாலும் ஒரே தொலைவுதான். இன்னா அவசரம்?"

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "மாமன் மடிக்கா? அட கடவுளே!" என்று எழுந்து, கண்டக்டரிடம் இந்தியில் கத்தினாள். பஸ் முழுக்கச் செய்தி பரவியது. அவனவன் யோசனை சொன்னான். முன் சீட்டில் இருந்த வயதான சர்தார்ஜி என் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை அவள் சொன்னாள்: "அவங்க வூட்லயும் கண்ணாலப் பொண்ணுக்கு மாமன்தான் வளையல் போடணுமாம். மாமன் வராம ஆவாதுன்றார். இறங்கு, ஸ்கூட்டர் புடிச்சி உன்ன அனுப்பறேன், துட்டு நான் தரேன்றார். எழுந்திரு."

சர்தார்ஜி எழுந்தே விட்டார். பஸ் நின்றது. நான் இரண்டு கையையும் ஆட்டி, "வேண்டாம், வேண்டாம்" என்றேன். ஏன் சொன்னேன்? பேர் தெரியாத பெரிய மனிதர் கையிலிருந்து காசு வாங்கக் கூச்சம். எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூச்சம்.

"கூச்சப்படற நேரமா அண்ணா இது?" என்று அவள் கத்தினாள். பஸ் கிளம்பிவிட்டது. சர்தார்ஜி மெதுவாக உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வலப்பக்கம் செங்கோட்டைச் சுவர் நெடுக வந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் காட்டுவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். இடப்பக்கம் யமுனை, மணல்தான் அதிகம். அவள் இறங்கும்போது, "மாமன் இல்லாம குத்திருவாங்களா? நிறுத்தி வெச்சிருப்பாங்க. போ" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டே மீதிச் சுற்றைச் சுற்றினேன்.

மோத்தி பாக்கில் மாப்பிள்ளை இல்லை. இப்போது எனக்குக் கூச்சம் இல்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "மலை மந்திர், மலை மந்திர்" என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். படியேறிப் போனபோது மண்டபத்தில் ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி. டெல்லி எல்லாம் பாத்தாச்சா?" என்றாள் மாமியார்.

மீனு ஓடிவந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். காது சிவந்திருந்தது. தோடு மினுங்கியது. வாயில் சர்க்கரை. மாப்பிள்ளை, "ரொம்ப நேரம் நின்னேன் மச்சான். ஆசாரி கோவிச்சுக்கிட்டார்" என்று மட்டும் சொன்னார். என்ன ஆயிற்று என்று சொன்னேன். ஆபீஸ் பெரியவர் சம்சாரத்தின் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யார் மடியில வச்சீங்க?" என்றேன்.

செண்பகம் தேங்காய் மூடிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "யாராவது ஒரு ஆம்பிளை உக்காந்தா சரிதான்னாங்க. பக்கத்துல காத்திருந்த வீட்டுக்காரர்கூட உக்காரேன்னார். நான் விடலை. நானே கிழக்கப் பாத்து உக்காந்துக்கிட்டேன். நம்ம வீட்டு மடிதானே அதுவும்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இந்தியா கேட் புல்வெளிக்குப் போனோம். டெல்லியே அங்கே வெயில் காய வந்திருந்தது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெட்டி, எலுமிச்சையும் காரப்பொடியும் தூவி இலையில் கொடுக்கிறார்கள். நம் ஊரில் வெல்லத்தோடு தின்கிற கிழங்கு. இனிப்பும் காரமும் புளிப்பும் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது. மாமியாருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். செங்கோட்டைக்குப் போவோமா என்று மாப்பிள்ளை கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் முன் செண்பகம் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணே, அம்மாகிட்ட நீதான் மடியில வச்சிருந்தேன்னு சொல்லிரு. நானும் அப்படித்தான் எழுதப் போறேன். உனக்காக இல்ல. எனக்கு இங்க ஒண்ணும் குறையில்லைன்னு அம்மாவுக்கு இருக்கட்டும்" என்றாள். சரி என்றேன்.

சாத்தூரில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அதைத்தான் கேட்டாள். ஆமாம், என் மடியில்தான் என்றேன். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாய் என்று கேட்டாள். கிழக்கே என்றேன். தோடு எடுப்பாக இருந்ததா என்று கேட்டாள். அதற்கு உண்மையைச் சொன்னேன். பிறகு, "பிள்ளை அழுதாளாடா?" என்றாள்.

"கொஞ்சம் அழுதா" என்றேன்.

அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். மாமன் மடியில் இருக்கிற பிள்ளை ரொம்ப அழாது என்றாள். அம்மா போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு வருஷமாகிறது. மீனு அன்றைக்கு அழுதாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. செண்பகத்திடம் அதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.